தாழ அடித்த காலம்

கோல்ஃப் கற்றுத்தரும் இன்றைய புத்தகங்களில் பன்ச் ஷாட்டைத் தேடினால் கடைசி அத்தியாயங்களுக்குத்தான் போக வேண்டியிருக்கும். பந்து மரத்தடியில் மாட்டிக்கொண்டால் கிளைகளுக்குக் கீழாக வெளியே கொண்டுவர, எதிர்காற்று பலமாக வீசினால் ஒருவழியாகச் சமாளிக்க என்று, ஆபத்துக்கு உதவும் அடியாகவே அது சொல்லித்தரப்படுகிறது. செய்முறை சிக்கலானதல்ல. வலக்கை ஆட்டக்காரர் என்றால் பந்தை வலது பாதத்தின் பக்கமாகத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். மட்டையைப் பிடித்த கைகள் பந்தைத் தாண்டி இலக்கின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். முக்கால் வீச்சில், மேலிருந்து இறங்கும் வாக்கில் அடி விழ வேண்டும். அடித்து முடித்த மட்டை மார்புயரத்துக்கு மேல் போகாமல் நின்றுவிட வேண்டும். பந்து தாழ்வாகச் சீறிப் போய், விழுந்த இடத்திலிருந்து துள்ளி உருண்டு இலக்கை எட்டும். ஒரு காலத்தில் இப்படித் தாழ அடிப்பதுதான் கோல்ஃப் ஆட்டத்தின் அன்றாட நடைமுறையாக இருந்தது. அது ஓரத்துக்குத் தள்ளப்பட்டதற்கு, பின்வந்த ஆட்டக்காரர்கள் அதைவிடச் சிறந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதைக் காரணமாகச் சொல்வது வழக்கம். வரலாற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், மாறியது பெரும்பாலும் ஆட்டக்காரரின் காலடியில் இருந்த தரைதான் என்பது தெரியவரும்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இந்த ஆட்டம் எவ்வளவு பழையது என்பதற்கு 1457ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே போதும். மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் ஆட்சியில், வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்று சொல்லிக் கால்பந்தையும் கோல்ஃபையும் சேர்த்துத் தடை செய்தார்கள். தடையை மீறி ஆட்டம் நடந்த இடம் பெரும்பாலும் லிங்க்ஸ் எனப்படும் நிலம். கடலுக்கும் உழவு நிலத்துக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான மேட்டு நிலம் அது. விவசாயத்துக்கு உதவாது. ஆடு மேய்க்கலாம், முயல் பிடிக்கலாம், வெளுத்த துணியை விரித்துக் காயப்போடலாம். ஆகவே ஊருக்குப் பொதுவாக விடப்பட்டிருந்தது. மணலுக்கு மேல் மெல்லிய மண், அதன் மேல் ஊசி போன்ற இலை கொண்ட ஃபெஸ்க்யூ புல். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் சிறிது நேரத்தில் மணலுக்குள் இறங்கிவிடும். ஆடுகளும் முயல்களும் புல்லை ஒட்ட மேய்ந்துவிடும். விளைவாக, ஆண்டின் பெரும்பகுதி இறுகிக் காய்ந்த தரை. அந்தத் தரையில் வானத்திலிருந்து விழுகிற பந்து நிற்காது. துள்ளும், சரியும், மேடு திருப்பிவிட்ட பக்கம் ஓடும். பந்து எங்கே விழும் என்பதைவிட, விழுந்த பிறகு எங்கே போகும் என்பதைக் கணக்கிட்டுத்தான் அங்கே ஆட வேண்டியிருந்தது.

இதைச் சொன்னதும் ஒரு நியாயமான மறுப்பு எழும். பழைய ஆட்டக்காரர்களும் பந்தை உயர்த்தி அடித்தார்களே? ஆம், அடித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பந்து என்பது தோல் உறைக்குள் இறகு திணித்தது. ஈரத் தோலைத் தைத்து, உள்புறம் வெளியே வரும்படி புரட்டி, விட்டுவைத்த சிறு துளை வழியாக, வேகவைத்த வாத்து இறகை இரும்புக் குச்சியால் குத்திக் குத்தி நிரப்புவார்கள். காயும்போது தோல் சுருங்கும், இறகு விரியும். இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிப் பந்து கல் போல இறுகிவிடும். ஒரு கைத்தேர்ந்த ஆள் நாளொன்றுக்கு மூன்று, நான்கு செய்வதே பெரிய காரியம். அதனால் விலை அதிகம். இரும்பு மட்டையின் விளிம்பு பட்டால் தையல் பிரிந்துவிடும். இரும்பை வண்டித் தடத்திலோ மணலிலோ பந்து சிக்கினால் மட்டும் எடுத்தார்கள். மற்ற அடிகள் எல்லாம் மரமட்டையால்தான். கிரீனை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை, நெருங்கும் அடிக்கு, முகம் நன்றாகப் பின்சாய்ந்த பேஃபிங் ஸ்பூன் என்னும் மரமட்டை இருந்தது. அது பந்தைக் கொஞ்சம் தூக்கித்தான் போடும். ஆகவே தாழ அடிப்பது ஆட்டம் பிறந்த நாளிலிருந்தே முழு வடிவில் இருந்தது என்று சொன்னால் அது மிகை. அது முதிர்ந்ததற்கு ஒரு காலமும் காரணமும் உண்டு.

அந்தக் காரணம் மலாயாக் காடுகளிலிருந்து வந்தது. கட்டா பெர்ச்சா என்ற மரப்பாலை வெந்நீரில் இளக்கி எந்த வடிவத்திலும் பிடிக்கலாம், ஆறியதும் கெட்டியாகிவிடும். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக ஐரோப்பா அதை வாங்கிக் குவித்த அதே காலத்தில், 1848இல், அதில் செய்த கோல்ஃப் பந்து ஸ்காட்லாந்தில் புழக்கத்துக்கு வந்தது. இறகுப் பந்தின் விலையில் ஒரு பகுதிதான் ஆனது. மழையில் ஊறாது. நசுங்கினால் மறுபடி சூடாக்கி உருட்டிக்கொள்ளலாம். கிழக்குக் கரை ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் இறகுப் பந்து செய்து வாழ்ந்த ஆலன் ராபர்ட்சன் இதை வெறுத்தார். அவரிடம் வேலை பார்த்த டாம் மோரிஸ் புதுப் பந்தை எடுத்து ஆடியதில் இருவருக்கும் மனக்கசப்பு வந்து, மோரிஸ் 1851இல் மேற்குக் கரையின் பிரெஸ்ட்விக்குக்குப் போய்விட்டார். ஆனால் அதே ராபர்ட்சன்தான், இரும்பு பட்டாலும் பிளக்காத பந்து கையில் வந்தபின், கிரீனை நோக்கிய அடிக்கு ஸ்பூனை விட்டுவிட்டு க்ளீக் என்ற குறுகிய முக இரும்பு மட்டையால் பந்தைத் தரையோடு ஓடவிடும் முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படுகிறார். செயின்ட் ஆண்ட்ரூஸில் 1858இல் எண்பதுக்குக் குறைவாக, 79 அடிகளில் ஆட்டத்தை முடித்த முதல் மனிதரும் அவரே. தூக்கிப்போட ஒரு கருவி கையில் இருந்தும், தேர்ந்துகொள்ள வாய்ப்பு வந்தவுடன், காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் தாழ்வான பாதையைத் தேர்ந்தார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

உயர அடித்தவர்களின் பட்டியல் இதோடு முடியவில்லை. டாம் மோரிஸின் மகன், இளைய டாம், 1868 முதல் 1870 வரை தொடர்ந்து மூன்று முறையும் பிறகு 1872இலும் ஓபன் எனப்படும் பிரிட்டிஷ் ஓபன் பட்டம் வென்றவர். வண்டித் தடத்திலிருந்து பந்தை எடுக்கவென்றே இருந்த சிறிய இரும்பைக் கிரீனை நோக்கிப் பந்தைத் தூக்கிப்போடப் பயன்படுத்தி ஊரை வியக்க வைத்தார். அவர் வென்ற பிரெஸ்ட்விக்கில் மணல் மேடுகளைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத கிரீனுக்கு அடிக்க வேண்டிய குழிகள் இருந்தன. அங்கே உருட்டுவது வேலைக்காகாது. 1894இல் சாண்ட்விச்சில் ஓபனை வென்ற ஜே. எச். டெய்லர், மேஷி என்னும் இரும்பு மட்டையால் பந்தைக் கொடிக்கம்பத்தருகே இறக்கி நிறுத்துவதில் பேர்போனவர். ஆனால் இந்த அடிகள் ஏன் இவ்வளவு பேசப்பட்டன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எல்லாரும் அன்றாடம் செய்வதை யாரும் வியந்து எழுதி வைப்பதில்லை. இளைய டாமின் உயர்ந்த அடி வரலாற்றில் இடம்பிடித்ததே, சுற்றிலும் மற்றவர்கள் பந்தைத் தரையோடு அனுப்பிக்கொண்டிருந்ததால்தான். செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானம் இன்னும் அப்படியே சாட்சி சொல்கிறது. அங்கே பெரும்பாலான கிரீன்களின் முன்வாசல் திறந்தே கிடக்கிறது. பந்து உருண்டு ஏற வழி இருக்கிறது. பதினெட்டாம் கிரீனின் முன்னுள்ள பள்ளம், பதினேழாம் கிரீனின் முன்விளிம்பிலுள்ள மேடு எல்லாம் காற்றில் வரும் பந்துக்கு வைத்த பொறிகள் அல்ல, தரையில் ஓடிவரும் பந்தைச் சோதிப்பவை.

அப்படியானால் காற்று? தாழ்வான அடிக்கு எல்லாரும் முதலில் சொல்லும் காரணம் அதுதான். அதில் உண்மையும் இருக்கிறது. பட்டம் விட்டுப் பழகிய எவருக்கும் தெரியும், தரையருகே துவளுகிற பட்டம் கொஞ்சம் ஏறியதும் நூலை இழுக்கத் தொடங்குவது. உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடும். அதற்கு மேலும் ஒரு சங்கதி உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டேட், 1890களில் கோல்ஃப் பந்தின் பறக்கும் பாதையைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். அவருடைய மகன் ஃப்ரெடி டேட் 1896லும் 1898லும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர், பின்னர் போயர் போரில் இறந்தவர். மட்டையின் சாய்ந்த முகம் பந்துக்குப் பின்சுழற்சி கொடுக்கிறது, அந்தச் சுழற்சிதான் பந்தை மேலே தாங்கிப் பிடிக்கிறது என்பதை டேட் நிறுவினார். எதிர்காற்றில் இதுவே வினையாகிறது. காற்றின் வேகம் பந்தின் வேகத்தோடு சேர்ந்துகொள்ள, தடுக்கும் விசையும் தூக்கும் விசையும் அந்தக் கூட்டுவேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகின்றன. பலமாக அடித்தால் சுழற்சி கூடி, பந்து இன்னும் செங்குத்தாக எழும்பி, வேகம் இழந்து, கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே விழும். எதிர்காற்றில் மெதுவாக அடி என்று, மட்டைப் பை சுமக்கும் பழைய கேடிகள் சொன்னதற்கு இதுவே விளக்கம். பெரிய மட்டை, குறுகிய வீச்சு, குறைந்த வேகம், குறைந்த சுழற்சி: பன்ச் ஷாட்டின் இலக்கணம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் காற்று மட்டுமே காரணம் என்றால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காது. செயின்ட் ஆண்ட்ரூஸின் கரையில் வீசும் காற்று ஐந்நூறு ஆண்டுகளில் மாறிவிடவில்லை. தாழ அடிக்கும் பழக்கம் மட்டும் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அங்கேயே தேய்ந்தது. காற்று அப்படியே இருக்க, அதற்கான அடி குறைந்தது என்றால், அந்த அடியைத் தாங்கி நின்றது காற்றைத் தவிர வேறொன்றும்தான் என்று கொள்ள வேண்டும்.

இங்கே இரண்டு அடிகளைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். இதைக் கவனிக்காமல் எழுதும் வரலாறுகள் குழம்பிவிடுகின்றன. ஒன்று, கிரீனுக்குக் கொஞ்சம் முன்னால் பந்தைத் தட்டித் தரையிலேயே ஓடவிடும் அடி. மற்றொன்று, நூற்றைம்பது, இருநூறு கஜத்திலிருந்து தாழ்வாகப் பறக்கவிடும் அடி. இரண்டாவதற்குப் புகழ் சேர்த்தவர் ஹாரி வார்டன். ஜெர்ஸித் தீவில் 1870இல் பிறந்து, 1896க்கும் 1914க்கும் இடையே ஆறு முறை ஓபன் பட்டம் வென்றவர். அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 1905இல் அவர் எழுதிய புத்தகத்தில், மேஷியால் பந்தை ஓடவிடும் அடி ஒருபுறம் விளக்கப்படுகிறது. க்ளீக்கால் அடிக்கும் புஷ் ஷாட் தனியாக, நிற்கும் நிலை முதல் படத்தோடு விளக்கப்படுகிறது. புஷ் ஷாட்டில் பந்தின் மேல் இறங்கும் வாக்கில் அடி விழுந்து, பந்து கிளம்பிய பிறகே மட்டை புல்லைச் சீவும். பந்து தாழ்வாகப் போகும். ஆனால் பின்சுழற்சி இருப்பதால் விழுந்த பின் கட்டுக்கடங்காமல் ஓடாது. இன்றைய பன்ச் ஷாட்டுக்கு நேர் முன்னோர் இதுதான். அப்படியென்றால் உருள்வதை நம்பாத அடியும் தாழ்வாகத்தான் இருந்தது, தரை எப்படிக் காரணமாகும் என்று ஒருவர் கேட்கலாம். பதில் அந்தப் புஷ் ஷாட்டுக்குள்ளேயே இருக்கிறது. இறுகிய, புல் ஒட்ட மேய்ந்த தரையில் பந்துக்குக் கீழே மெத்தை இல்லை. அங்கே மட்டையை அடியில் நுழைத்துப் பந்தைத் தூக்க முயன்றால், மட்டை தரையில் எகிறிப் பந்தின் தலையில் மோதும். பந்தை முதலில், மண்ணைப் பிறகு தொடும் இறங்குமுக அடிதான் அங்கே நம்பகமானது. வார்டனின் கையசைவை அந்தத் தரைதான் வடித்தது.

இந்த அடியின் மகத்துவத்தை ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்றால் 1913இல் ஹொய்லேக்கில் நடந்த ஓபனைப் பார்க்கலாம். லிவர்பூலுக்கு அருகே, டீ நதியின் முகத்துவாரத்தில், மறைவே இல்லாத சமவெளி. கடைசி நாளில் புயல்காற்றும் மழையும். அன்று நாற்பத்திரண்டு வயதான டெய்லர், குட்டையான உடலைத் தரையில் ஆணியடித்தாற்போல ஊன்றி, குதிகால் அசையாமல், பந்துக்குப் பந்து தாழ்வாகக் குத்தி அனுப்பி எட்டு அடிகள் வித்தியாசத்தில் வென்றார். மேஷியால் வானளாவ அடித்து 1894இல் புகழ் பெற்ற அதே மனிதர்தான் இவர். உயரமும் தாழ்வும் அவருக்கு இரண்டு கட்சிகள் அல்ல. எதை எப்போது எடுப்பது என்பதைக் காலடித் தரையும் தலைமேல் காற்றும் தீர்மானித்தன.

அடுத்து வரும் மறுப்பு பந்தைப் பற்றியது. 1898இல் அமெரிக்காவின் கோபர்ன் ஹாஸ்கெல், ரப்பர் நூலை இழுத்துச் சுற்றி அதன் மேல் கட்டா பெர்ச்சா உறை போட்ட பந்தைக் கண்டுபிடித்தார். 1902இல் ஹொய்லேக்கில் சாண்டி ஹெர்ட் அதை வைத்து ஆடி, பழைய பந்தோடு ஆடிய வார்டனை ஒரே ஓர் அடியில் முந்தி ஓபனை வென்றதும், கட்டா பந்தின் கதை முடிந்தது. 1905இல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர் பந்தின் மேல் சிறு குழிகள் இடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எளிதாக எழும்பும், நெடுந்தூரம் போகும் பந்து வந்துவிட்ட பின் தாழ அடிக்க என்ன தேவை என்று இந்த மறுப்பு கேட்கிறது. காலக்கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை. ஜே. எச். டெய்லரின் 1913 வெற்றி ரப்பர் பந்தில் வந்தது. வார்டனின் புஷ் ஷாட் பாடம் ரப்பர் பந்து வந்த பிறகு அச்சானது. புதிய பந்து வந்து அரை நூற்றாண்டு கழித்தும், ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் 1954, 1955, 1956 என்று தொடர்ந்து மூன்று ஓபன்களையும், பின் 1958லும் 1965லும் இரண்டையும் வென்றது பந்தின் துள்ளலைக் கணித்துத் தரையைப் பயன்படுத்திய ஆட்டத்தால்தான்.

பந்து சம்பந்தமாக உண்மையிலேயே கணக்கில் கொள்ள வேண்டியது அதன் அளவு. 1921இல் பிரிட்டனும் அமெரிக்காவும் 1.62 அங்குல விட்டம், 1.62 அவுன்ஸ் எடை என்று ஒரே வரம்புக்கு ஒப்புக்கொண்டன. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கா 1.68 அங்குலத்துக்கு மாறிக்கொண்டது. பிரிட்டன் சிறிய பந்திலேயே நின்றது. வேறுபாடு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. அதே எடை, குறைந்த முகப்பரப்பு. சிறிய பந்து காற்றைத் துளைத்துக்கொண்டு போகும். பெரிய பந்து கொழுத்த புல்லின் மேல் நன்றாக உட்கார்ந்து, எளிதாக மேலெழும்பும். ஒரே ஆட்டத்துக்கு இரண்டு நாடுகளும் தங்கள் தங்கள் தரைக்கேற்ற பந்தை வைத்துக்கொண்டிருந்தன என்றே இதைப் படிக்க வேண்டும். 1974இல் ராயல் லிதமில் நடந்த ஓபனில் பெரிய பந்து கட்டாயமாக்கப்பட்டது. 1990இல் சிறிய பந்து விதிகளிலிருந்தே நீங்கியது. லிங்க்ஸ் தரைக்குப் பொருந்திய பந்தைக் கைவிட்டது ஓர் இழப்பு என்பது என் எண்ணம். ஆனாலும் தாழ்வான அடியின் தேய்வுக்கு அது உடந்தையே தவிர மூலகாரணம் அல்ல.

மூலகாரணத்தைக் கண்ணெதிரே பார்க்க ஒரே ஒரு குழி போதும். ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நேஷனல் மைதானத்தை அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸும் மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சியும் வடிவமைத்தார்கள். இருவருமே செயின்ட் ஆண்ட்ரூஸின் பக்தர்கள். மெக்கென்சி 1924இல் அந்தப் பழைய மைதானத்தை அளந்து வரைபடமே போட்டவர். அகஸ்டாவை அகன்ற பாதைகளோடும், மிகக் குறைந்த மணற்பள்ளங்களோடும், பந்து உருண்டேற வழியோடும் அமைத்தார்கள். ஏழாம் குழி செயின்ட் ஆண்ட்ரூஸின் பதினெட்டாவதை நினைத்து உருவானது; முன்னால் பள்ளம் உண்டு, பங்கர் எனப்படும் மணற்பள்ளம் ஒன்றுகூட இல்லை. முதல் போட்டி 1934இல் நடந்தது. அதை வென்ற ஹார்டன் ஸ்மித்தின் யோசனைப்படி, 1938இல் மைதான வடிவமைப்பாளர் பெரி மாக்ஸ்வெல் அந்தக் கிரீனை மேட்டின் மேல் ஏற்றி, முன்னால் வரிசையாக பங்கர்களை வெட்டினார். அன்றோடு உருண்டு வரும் பந்துக்கு வாசல் அடைபட்டது. உயரே பறந்து வந்து இறங்குவதைத் தவிர வழியில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸை மனதில் வைத்துக் கட்டிய இடத்திலேயே, நான்கே ஆண்டுகளில், அதன் அடிப்படை தலைகீழாகிவிட்டது. ஜோன்ஸ் உயிரோடிருக்கும்போதே நடந்தது இது. அவருக்கு அக்கறை குறைந்துவிட்டதென்று சொல்ல முடியாது. ஜார்ஜியாவின் களிமண்ணில், வெயிலுக்கேற்ற பெர்முடா புல்லில், பந்து லிங்க்ஸ் தரையில் ஓடுவது போல ஓடாது என்பதே அடிப்படைச் சிக்கல்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தண்ணீர்க் குழாய்கள் இந்த மாற்றத்தை உலகமயமாக்கின. அடிபாதையான ஃபேர்வே முழுவதும் தானியங்கித் தெளிப்பான்கள், இயந்திரப் புல்வெட்டிகள், உரம். நனைந்த மென்தரையில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். அங்கே தாழ அடித்து உருட்ட நினைப்பவன் ஏமாறுவான். உயர அடிப்பவனுக்குத் தரையே ஒத்தாசை செய்யும். 1966இல் அகஸ்டாவின் போட்டி வண்ணத் தொலைக்காட்சியில் வந்தது முதல், மரகதப் பச்சைதான் நல்ல மைதானத்தின் அடையாளம் என்ற எண்ணம் அட்லாண்டிக்கைத் தாண்டியும் பரவியது. காய்ந்து பழுத்த தரை பராமரிப்பின்மை என்று தோன்றத் தொடங்கியது. ஃபெஸ்க்யூ தண்ணீரும் உரமும் அதிகம் கேட்காத புல். இரண்டையும் கொட்டினால் வேறு புற்கள் அதை நெருக்கி வெளியேற்றிவிடும். இப்படித்தான் பிரிட்டனின் பல மைதானங்களில், காற்று மாறாமலேயே, ஆட்டம் மாறியது.

அமெரிக்காவிலேயே இதற்கு விலக்கான ஒரு மூலை இருந்தது. விலக்கு என்பதைவிடச் சான்று என்று சொல்வதே பொருத்தம். டெக்சஸ் மாநிலத்தின் தரை வெயிலில் சுட்டுக் கெட்டியானது, காற்றும் விடாது. அங்கே வளர்ந்த பென் ஹோகன் 1953இல், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஓபனில் கலந்துகொள்ள ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டிக்கு வந்தார். முன்கூட்டியே வந்து சிறிய பந்தில் பழகினார். 73, 71, 70, 68 என்று சுற்றுக்குச் சுற்று குறைத்து நான்கு அடிகள் வித்தியாசத்தில் வென்றார். டாலஸில் வளர்ந்த லீ ட்ரெவினோ, தாழ்வாக வலப்பக்கம் வளையும் அடியோடு வந்து 1971லும் 1972லும் ஓபனை வென்றார். இவர்கள் பிறந்த மண் ஸ்காட்லாந்து அல்ல. ஆனால் இறுகிய தரையும் காற்றும் சேர்ந்த இடத்தில் கைகள் ஒரே பாடத்தைத்தான் கற்றுக்கொண்டன.

உயர அடிப்பதுதான் கடினம், தாழ அடிப்பது சுலபம், தாழ்வான அடியைப் போற்றுவது பழமைப் பற்றுதான் என்று சொல்பவர்களும் உண்டு. நீள இரும்பை உயர்த்திப் பூப்போல இறக்குவது அரிய திறமை, மறுக்கவில்லை. ஆனால் அதில் ஆட்டக்காரர் கணக்கிட வேண்டியது பெரும்பாலும் தூரம் ஒன்றைத்தான். தாழ்ந்து போகும் பந்துக்கு, முதல் துள்ளல் எந்த மேட்டில், அது எந்தப் பக்கம் சரியும், கிரீனின் எந்த ஓரம் அதை ஏந்தும் என்று மூன்று நான்கு தீர்மானங்கள் வேண்டும். 1976இல் பெரும் வறட்சியில் காய்ந்து கிடந்த ராயல் பர்க்டேலில் நடந்த ஓபனில், பத்தொன்பது வயது செவே பயஸ்டெரோஸ் கடைசிக் குழியில் கிரீனுக்கு இடப்புறம் நின்றார். பந்துக்கும் கொடிக்கும் நடுவே இரண்டு பங்கர்கள்; அவற்றுக்கிடையே நடைபாதை அகலத்துக்கு மட்டும் புல். எல்லாரும் தூக்கிப்போடுவார் என்று எதிர்பார்த்தபோது, அந்த இடுக்கின் வழியே பந்தைத் தட்டி ஓடவிட்டுக் குழிக்கு நான்கடி அருகே கொண்டுவந்தார். பட்டம் ஜானி மில்லருக்குப் போனது. அந்த நாளைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் முதலில் சொல்வது அந்த ஓர் அடியைத்தான்.

தரைதான் காரணம் என்ற வாதத்தை உறுதியாகச் சோதிக்க, மட்டை, பந்து, ஆள் மூன்றும் இக்காலத்தவையாக இருக்கத் தரையை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட சோதனைகள் நடந்திருக்கின்றன. 2006இல் ஓபன் நடந்த ஹொய்லேக், கோடையில் வறண்டு பழுப்பேறிக் கிடந்தது. உலகிலேயே நெடுந்தூரம் அடிக்கக்கூடியவர்களில் ஒருவரான டைகர் வுட்ஸ், நான்கு நாட்களில் நெடுந்தூர மட்டையான டிரைவரை ஒரே ஒரு முறைதான் எடுத்தார். நீள இரும்புகளால் பந்தைத் தாழ்வாகச் சீறவிட்டு, பங்கர்களுக்கு முன்னாலேயே நிறுத்தி, அங்கிருந்து மீண்டும் தரையை நம்பி ஆடினார். இரண்டாம் நாள் பதினான்காம் குழியில் இருநூறு கஜத் தொலைவிலிருந்து நான்காம் இரும்பால் அடித்த பந்து துள்ளி ஓடிக் குழிக்குள்ளேயே விழுந்தது. மைதானத்துக்கு நிர்ணயித்த எண்ணிக்கையைவிடப் பதினெட்டு அடிகள் குறைவாக முடித்து, இரண்டு அடிகள் வித்தியாசத்தில் வென்றார். 1913இல் ஜே. எச். டெய்லர் வென்ற அதே மைதானம். அன்று புயல், இன்று வறட்சி. இரண்டு முறையும் பலித்தது தாழ்வான பந்து.

வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் எண் இரண்டு மைதானத்தில் நடந்தது இதைவிடத் தெளிவானது, ஏனென்றால் அங்கே தரையை வேண்டுமென்றே மாற்றினார்கள். அதை 1907இல் அமைத்த டொனால்ட் ராஸ், ஸ்காட்லாந்தின் டார்னக்கில் பிறந்து, செயின்ட் ஆண்ட்ரூஸில் மூத்த டாம் மோரிஸிடம் தொழில் கற்றவர். பிற்காலத்தில் அந்த மைதானமும் மற்றவற்றைப் போலவே சுவரிலிருந்து சுவர் வரை பச்சைப் புல்லும் தெளிப்பான்களுமாக ஆகிவிட்டிருந்தது. 2010இல் தொடங்கி மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் அந்த அடர்ந்த புல்லை ஏக்கர் கணக்கில் வழித்தெடுத்து மணலை வெளியே கொண்டுவந்தார்கள். தெளிப்பான்களில் பாதிக்கும் மேல் பிடுங்கப்பட்டன. ஃபேர்வேயின் ஓரங்கள் பழுத்தன, தரை இறுகியது. 2014இல் அமெரிக்க ஓபன் அங்கே நடந்தபோது, ஜெர்மனியின் மார்ட்டின் கைமர் கிரீனுக்கு வெளியே, ஏற்றச் சரிவின் அடியில் நின்றுகொண்டு, சாய்ந்த முக மட்டையைப் பையிலேயே விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப, பந்தை உருட்டும் பட்டரை எடுத்தார். பந்து தரையைவிட்டு எழாமலே சரிவில் ஏறியது. அவர் எட்டு அடிகள் முன்னிலையில் வென்றார். அடுத்த வாரமே அதே மைதானத்தில் பெண்களுக்கான அமெரிக்க ஓபன் நடந்தது. மிஷெல் வீ வென்றார்.